சித்தப்பாவின் குரல் எங்கே?

நோன்புப் பெருநாள் விடுமுறையில் எமது அறையில் ஐந்து பேர் சமைத்துக்கொண்டிருந்தோம். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி திடீரென்று, "அண்ணை, நீங்கள் படம் எடுக்கப் படிச்சனீங்களாமே. எங்கை, காட்டுங்கோவன்" என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தங்கை அனுப்பி வைத்திருந்த இரண்டு குறும்படங்களையும் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். பல வருடங்களுக்குப் பிறகு நானும் அன்றுதான் அவற்றைப் பார்த்தேன். பார்த்து முடிந்ததும் சோறு இறங்கவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சார்ஜா கைத்தொழிற்பேட்டையில் அலுமினிய ஜன்னல் சட்டங்கள் வெட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். 1996 இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் போய் இராமேஸ்வரம் பக்கம் இறங்கியபோது எனக்கு ஏழு வயது. முகாமில் வளர்ந்தேன். 2011 இல் சென்னையில் ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் ஆறு மாதம் படக்கலை படித்தேன். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துத்தான் அதற்குப் பணம் கட்டினார். அந்த ஆறு மாதத்தில் எடுத்தவைதான் இந்த இரண்டு படங்களும்.

முதற்படம் யுத்தத்தைப் பற்றியது. ஏதோ ஓர் ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்த குண்டுச் சத்தம், அதற்கு மேல் வயலின், தலைவிரி கோலமாக ஓடும் ஒரு பெண். எல்லாம் நான் வேறு படங்களில் பார்த்தவை. எனக்கு உண்மையில் நினைவில் நிற்பது வேறு. வள்ளத்தில் மண்ணெண்ணெய் மணம். நான் அழுதால் கடற்படைக்குக் கேட்டுவிடும் என்று அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்த கை. அந்தக் கை படத்தில் இல்லை.

இரண்டாவது படம் வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றியது. அப்போது நான் வளைகுடாவைக் கண்டதில்லை. சென்னைக்கு வெளியே கடற்கரை மணலைப் பாலைவனமாக்கினேன். என் சித்தப்பாவுக்குத் தலையில் துண்டு கட்டி, மணலில் முழங்காலில் நிறுத்தி அழ வைத்தேன்.

சித்தப்பா உண்மையாகவே குவைத்தில் இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே அகப்பட்ட பல்லாயிரம் இலங்கையரில் அவரும் ஒருவர். ஈராக் வழியாக யோர்தானுக்கு வந்து, ஒரு பையோடு ஊர் திரும்பினார். ஊரில் அந்த யூன் மாதமே சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. ஒரு யுத்தத்திலிருந்து தப்பி இன்னொன்றுக்குள் வந்த மனிதர். அன்று படப்பிடிப்பில் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, அங்கை நாங்கள் மணலிலை நிண்டு அழயில்லை. கக்கூசுக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டிட்டுத்தான் அழுதனாங்கள்."

நான் கேட்கவில்லை. "சித்தப்பா, படத்துக்கு இப்பிடித்தான் நல்லாயிருக்கும்" என்றேன். இன்று நான் ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருக்கிறேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. இங்கே எங்கள் வாழ்க்கையில் பாலைவனம் இல்லை. இரண்டு தட்டுக் கட்டிலும், விடியமுன் கம்பனி பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையும், வீட்டாரோடு சிரித்துக் கதைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் முதுகுகளும்தான் இருக்கின்றன.

இன்னொரு பிழையும் செய்தேன். சித்தப்பாவின் மன்னார்ப் பேச்சு சென்னையில் விளங்காது என்று வகுப்பில் சொன்னார்கள். நானும் சம்மதித்து, வேறொருவரைக் கொண்டு குரல் கொடுத்தேன். 2017 இல் சித்தப்பா முகாமிலேயே காலமானார். பெருநாளன்று இரவு அந்தப் படத்தை அவருடைய மகளுக்கு அனுப்பினேன். அவளிடம் தகப்பனின் படங்கள் இருக்கின்றன. அசையும் படம் இது ஒன்றுதான். பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பான்ரை குரல் எங்கை அண்ணா?"

என்னிடம் பதில் இல்லை.

பிறர் எப்படித் தொடங்கினார்கள்?

எம்மவரில் படக்கலையை முறையாகப் படித்து உயர்ந்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969 இல் வெளியேறினார். 'ஏ வியூ ஃப்றொம் த ஃபோர்ட்' என்ற அவருடைய மாணவப் படத்தைப் பார்த்துத்தான் மலையாள இயக்குநர் ராமு காரியாட், 1974 இல் வந்த 'நெல்லு' படத்துக்கு அவரை ஒளிப்பதிவாளராக்கினார். மாணவப் படம் கதவைத் திறந்து விட்டது. ஆனால் அவரை இன்றும் நாம் நினைப்பது 1988 இல் வந்த 'வீடு' படத்துக்காக. சிறு வயதில் தன் தாய் ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டிலிருந்தே அது பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். படித்து வெளியேறி ஏறத்தாழ இருபது வருடம் கழித்து அந்த வீட்டு முற்றத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அந்த 'வீடு' படத்தின் மூலப் பிரதிகூட அழிந்துவிட்டது என்று 2014 இல் இறக்கும்வரை அவர் கவலைப்பட்டார். அவருக்கே அந்த நிலை என்றால் எங்கள் கைத்தொலைபேசியில் கிடப்பவற்றின் கதி என்ன?

இந்த வளைகுடா நாடுகளிலும் சினிமா இளைஞர்களின் குறும்படங்களிலிருந்துதான் வளர்ந்தது. 2001 இல் அபுதாபியில் அமீரகப் படங்களுக்கான போட்டி தொடங்கியது. 2004 முதல் 2017 வரை டுபாயில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. சவூதியில் திரையரங்குகளே இல்லாத காலத்தில் ஹைஃபா அல்-மன்சூர் என்ற பெண் குறும்படங்கள் எடுத்துப் பழகினார். பிறகு 2012 இல் 'வஜ்தா' என்ற முழுநீளப் படத்தை றியாத்தில் எடுத்தார். தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாததால் வானுக்குள் இருந்து வோக்கி-ரோக்கியில் கட்டளை கொடுத்தார். கதை என்ன? ஒரு சிறுமிக்குச் சைக்கிள் வேண்டும். அவ்வளவுதான்.

எம்மைப் போன்ற தொழிலாளரும் இங்கே படத்தில் வந்திருக்கிறார்கள். இலண்டனில் படித்த அலி மொஸ்தஃபாவின் 'சிற்றி ஒஃப் லைஃப்' (2009) படத்தில் ஓர் இந்திய டாக்சிச் சாரதி முக்கிய பாத்திரம். நடித்தவர் இந்தி நடிகர் சோனு சூட். 2013 இல் மஹ்மூத் காபூர் என்ற லெபனானியர் 'சாம்ப் ஒஃப் த காம்ப்' என்ற விவரணப் படம் எடுத்தார். டுபாய்த் தொழிலாளர் முகாம்களில் நடந்த பாட்டுப் போட்டி பற்றியது. அதில் நடிகர் இல்லை. தொழிலாளர்கள் தங்கள் குரலிலேயே பாடுகிறார்கள். புர்ஜ் கலீபாவின் அடியில் திறந்தவெளியில் அது திரையிடப்பட்டபோது அவர்களும் வந்திருந்து பார்த்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது படமே பெரிது. காரணத்தை நான் மேலே சொல்லிவிட்டேன்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு

ஐக்கிய அரபு இராச்சியம் 1951 ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேராத நாடு. இங்கே எமது காகிதங்களில் கம்பனியின் பெயர் இருக்கும், தொழில் இருக்கும். நாம் எங்கிருந்து எப்படி வந்தோம் என்பது இராது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். பிள்ளைகள் கையில் கமரா இருக்கிறது. படம் எடுக்கப் போகிறோம் என்றால் தடுக்காதீர்கள். ஆனால் இரண்டொரு விடயம் சொல்லிக் கொடுங்கள்.

முதலில் சட்டம். இந்த நாட்டில் ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் படம் பிடிப்பதும் அதைப் பரப்புவதும் குற்றம். அரச கட்டடங்கள், இராணுவ இடங்கள், வேலைத்தளம் ஆகியவற்றில் அனுமதியின்றிக் கமராவை எடுக்கவே கூடாது. வேலையும் விசாவும் போய்விடும்.

அடுத்தது, வீட்டிலுள்ள பெரியவர்களிடமிருந்து தொடங்கட்டும். பாட்டும் வயலினும் பிறகு சேர்க்கலாம். அம்மம்மா எந்தப் பேச்சில் பேசுகிறாரோ அந்தப் பேச்சே இருக்கட்டும். "இப்படிச் சொன்னால் நல்லாயிருக்கும்" என்று அவரைத் திருத்த வேண்டாம். எடுத்ததை இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள்.

நான் இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு கதைப்பதை, அவருடைய சம்மதத்தோடு, பதிவு செய்கிறேன். சென்ற கிழமை வள்ளத்தில் வந்த இரவைப் பற்றிக் கேட்டேன். "உன்ரை வாயைப் பொத்தினது நானில்லையடா, சித்தப்பா" என்றார்.

இத்தனை வருடமும் எனக்கு அது தெரியாது.