மகன் கேட்ட கிராபிக்ஸ் கார்ட்

2026 ஜனவரி. நோன்புப் பெருநாள் துணிகளுக்கு முற்பணம் கட்டி, மீதிக்குப் பின்திகதியிட்ட காசோலைகளும் எழுதிக் கொடுத்துவிட்டு இருக்கும் நேரம் பார்த்துத்தான் என் இளைய மகன் வந்து நின்றான்.

"வாப்பா, இந்தக் கார்ட்ட மாத்தாம இனிச் சரிவராது."

அவனுடைய கணினியில் இருப்பது என்விடியா கம்பனி 2016இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1060. கேட்பது 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060. அமெரிக்காவில் அது 299 டொலருக்கு அறிமுகமானது. இங்கே கப்பல் கூலி, வரி, இறக்குமதியாளரின் இலாபம், கடைக்காரரின் இலாபம் எல்லாம் ஏறி ஒரு இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. விளையாட்டுச் சாமானுக்கா இவ்வளவு என்று உடனே ஏசிவிடத் தோன்றியது. ஆனால் அவன் சொன்ன காரணங்களைத் தட்டிவிட முடியவில்லை. பழைய கார்டுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை கம்பனி 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வருமாம். 2025இல் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' போன்ற விளையாட்டுகள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டுகளை ஏற்பதில்லை.

எனக்கு என் பழைய லொறி ஞாபகம் வந்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில் வியாபாரம் சூடுபிடித்த ஒரு வருடம், வேன் போதாது என்று பெரிய லொறி ஒன்று எடுத்தேன். மாடியிலிருந்த களஞ்சியத்துக்கு ஏறும் படி ஒரு ஆள் போகும் அகலம்தான். நாட்டாமிமார் இரண்டு பேர் ஒவ்வொரு பொதியாக ஏற்றி முடிக்கும்வரை லொறி தெருவில் நின்றது. லீசிங் மட்டும் நிற்காமல் ஓடியது. இறுக்கம் படியில் இருக்க, நான் காசைப் போட்டது சில்லில்.

ஆகவே கணினி திருத்தும் வேலை தெரிந்த என் தங்கையின் மகனை வரவழைத்தேன். "மாமா, கார்ட் எவ்வளவு வேலை செய்யுதெண்டு முதல்ல பார்ப்போம்" என்றான். விளையாடும்போதே கார்ட் எத்தனை வீதம் உழைக்கிறது என்று திரையின் மூலையில் காட்டும் இலவச மென்பொருள் இருக்கிறது. மகன் அதிகமாக விளையாடும் 'வலோரன்ட்' ஓடும்போது கார்ட் 60 வீதத்தைத் தாண்டவில்லை. படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தோம். கார்டின் சுமை இறங்கியது, வேகம் ஏறவில்லை. அப்படியென்றால் தடை கார்டில் இல்லை, 2017இல் வந்த ஐ5 புரொசஸரில். இன்னொரு பெரிய கதை விளையாட்டைப் போட்டபோது கார்ட் 99 வீதத்தில் மூச்சு வாங்கியது. அந்த இடத்தில் மகன் சொன்னது சரி. ஆனால் அதை அவன் மாதத்தில் எத்தனை நாள் விளையாடுகிறான் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பெரிய வேடிக்கை திரையில் இருந்தது. கணினி செக்கனுக்கு 130 படம் வரைகிறது. பழைய மொனிட்டரோ 60 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கும். பாதிக்கு மேற்பட்ட உழைப்பு கண்ணுக்கு வந்து சேரவேயில்லை.

மருமகன் இன்னும் இரண்டு செலவைக் காட்டினான். புதிய கார்ட் 145 வோட் இழுக்கும். 550 வோட் பவர் சப்ளை வைக்கச் சொல்கிறது கம்பனி, மகனிடம் இருப்பது 450. அத்தோடு பழைய மதர்போர்டில் கார்டுக்குப் போகும் பாதை குறுகலாம். 8 ஜிபி நிறைந்து வழியும் விளையாட்டுகளில் அங்கே வேகம் விழும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றலாமே என்றால், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருந்தது.

ஆனாலும் பம்பலப்பிட்டிக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தோம். "நானா, விலை ஏறப்போகுது, இப்பவே எடுங்க" என்றார் விற்பனையாளர். நானும் முப்பது வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவரும் வசனம்தான்.

திரும்பும் வழியில் மகன் கடைசி அம்பை விட்டான். "ஜிடிஏ 6 வருது வாப்பா." விசாரித்தால் 2025 நவம்பரில் கம்பனி அறிவித்தது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் மட்டும், கணினிக்குத் திகதியே சொல்லவில்லை. வராத கப்பலுக்கு நான் களஞ்சியம் வாடகைக்கு எடுப்பதில்லை.

பாவித்த கார்ட் பற்றியும் பேச்சு வந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தோண்டும் முறை மாறியபின் இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. பெயர் மாற்றி எழுதிய போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்க்காமல் யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

முடிவில் கார்ட் வாங்கவில்லை. அதன் விலையில் பாதிக்கும் குறைவாக 144 ஹேட்ஸ் மொனிட்டர் ஒன்று எடுத்தோம். நாளை கணினி முழுவதையும் மாற்றினாலும் அது வீட்டிலேயே இருக்கும். (பூட்டியதும் வின்டோஸ் அமைப்பில் 144 என்று மாற்ற வேண்டும். மறந்துபோய் ஒரு நாள் முழுக்க 60இலேயே பார்த்து, ஏமாந்துவிட்டோம் என்று கவலைப்பட்டோம்.)

வித்தியாசம் இருக்கிறது என்று மகனே ஒப்புக்கொண்டான். டூம் இன்னும் ஓடாது என்பதையும் ஞாபகப்படுத்தினான். பெருநாள் கணக்கு முடிந்ததும் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் திகதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறான்.