கதவு நிலையில் ஏறாத கோடு

அம்பிட்டியவில் ஒரு வீட்டுக் கதவு நிலை. போன சித்திரைப் புத்தாண்டுக்குப் போட்ட பென்சில் கோட்டுக்கும் இந்த வருடக் கோட்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான். நான்கு வயது தாண்டிய பிள்ளை, பருவமடையும்வரை வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. உயர வேண்டும். "அப்பாவும் கட்டைதானே" என்று விட்டுவிடாதீர்கள். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பிள்ளை கட்டையாக இருப்பதற்குப் பெரும்பாலும் பரம்பரைதான் காரணமாக இருக்கும். ஆனால் வளர்ச்சியே மந்தமானால் தைரொயிட் குறையாகவும் இருக்கலாம்.

சிலருக்கு மூளையின் அடியில் பயறளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹோர்மோனைப் போதியளவு சுரப்பதில்லை. அந்த ஹோர்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் அலையலையாய்ச் சுரக்கும். பகலில் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் பிடிபடாது. அதனால் மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டி, பலமுறை இரத்தம் எடுப்பார்கள். இடது கையை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதையும் பார்ப்பார்கள். எலும்பு நுனிக் குருத்து மூடிவிட்டால் வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போட்டும் உயரம் கூடாது. தாமதம் அவ்வளவு கொடியது.

ஒரு காலத்தில் இந்த ஹோர்மோனை இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதன்வழி சிலருக்கு உயிர்கொல்லி மூளைநோய் தொற்றியது. 1985 முதல் மரபணு முறையில் தயாரித்த ஹோர்மோன் வந்தது.

பெரியவர்களுக்கும் இக்குறை வரும்: களைப்பு, வயிற்றுக் கொழுப்பு, எலும்புத் தேய்வு. கட்டி, பிரசவப் பெரும் இரத்தப்போக்கு ஆகியவற்றோடு, நம் நாட்டில் கண்ணாடி விரியன் கடியும் இச்சுரப்பியைச் சிதைத்ததுண்டு. கடிபட்டுப் பிழைத்தவருக்குக் களைப்பு ஓயவில்லையென்றால், பல வருடம் கடந்திருந்தாலும் அந்தக் கடியை வைத்தியரிடம் சொல்லுங்கள்.