பழைய வண்டி, புது ஆயுள் – 11: போல்ட்டுக்குப் போடும் கவசம்

சென்ற வாரம் ஸ்டாண்டர்டு ஹெரால்டை அக்கக்காகப் பிரித்துச் சேஸியைத் தனியே நிறுத்தினோம். இப்போது சேஸி துரு நீக்கப் போய்விட்டது; பாடி டிங்கரிங்கில் இருக்கிறது. பட்டறைத் தரையில் மிஞ்சியிருப்பவை டப்பா டப்பாவாகச் சில்லறைச் சாமான்கள். போல்ட்டு, நட்டு, வாஷர், பம்பரைத் தாங்கும் பிராக்கெட், பானட் கீல், ஹேண்ட்பிரேக் இணைப்புகள், ஆக்ஸிலேட்டர் கம்பி, பேட்டரியைப் பிடிக்கும் பட்டை. எல்லாவற்றிலும் துரு.

புதுப்பிக்கும் வேலையில் பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ‘கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சில்வர் பெயின்ட் அடிச்சு மாட்டிடலாம்’ என்பார்கள். ஸ்பேனர் பட்ட முதல் நாளே அந்த பெயின்ட் உரியும். அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பழுப்புக் கோடு ஒன்று புது பெயின்ட்டின் மேல் வழிந்து நிற்கும்.

ஹெரால்டில் இது சின்ன விஷயமே இல்லை. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது, பெரும்பாலான கார்கள் தனிச் சேஸியைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு பாடி செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம், போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டிருந்தது. முழு பாடியை மொத்தமாகச் செய்து தர ஆளில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸியின் மேல் போல்ட்டால் முடுக்கும் வண்டியாகவே இதைத் திட்டமிட்டார்கள். வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த வண்டியைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 948 சி.சி. எஞ்சினோடு தயாரித்தது. போல்ட்டில் நிற்கும் வண்டி அது. போல்ட்டு துருப்பிடித்து இளைத்தால் கதவின் இடைவெளி மாறும், பானட் ஆடும், சேஸிக்கும் பாடிக்கும் நடுவே சத்தம் வரும். பல பிராக்கெட்டுகளைக் கடையில் வாங்கவும் முடியாது. அவற்றைச் செய்த ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கான வழி ஜிங்க் பிளேட்டிங் எனப்படும் துத்தநாக முலாம்.

இரும்புக்கு முன்னால் நிற்கும் உலோகம்

பெயின்ட் இரும்பை மூடி மறைக்கிறது. ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து துரு உள்ளே பரவும். துத்தநாகம் வேலை செய்யும் விதம் வேறு. மின்வேதியியல் வரிசையில் இரும்பு –0.44 வோல்ட்டில் இருக்கிறது, துத்தநாகம் –0.76 வோல்ட்டில் இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், முதலில் கரைவது துத்தநாகம். சிறு கீறலில் இரும்பு வெளியே தெரிந்தால்கூட, சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும். கடற்காற்றில் உப்பு கலந்த சென்னை போன்ற ஊரில் இந்தக் குணத்துக்கு ஈடில்லை.

ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி என்று நாம் சொல்வதிலும் இருப்பது துத்தநாகம்தான். பொதுவாக அதற்குப் பொருளைச் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். 50 மைக்ரானுக்கு மேல்கூடப் படியும். மின்கம்பத்துக்கு அது சரி. கார் போல்ட்டின் மரையை அது அடைத்துவிடும். நமக்கு வேண்டியது மின்சாரம் செலுத்திப் படியவைக்கும் மெல்லிய முலாம். 5, 8, 12, 25 மைக்ரான் என்று தடிமனைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்தால் அளவு புரியும்.

போல்ட்டுகளுக்கு 5 முதல் 8 மைக்ரான் போதும். அதற்கு மேல் கேட்டால் ஆபத்து மரையில் வரும். மரையின் பக்கங்கள் சரிவானவை என்பதால், முலாம் எவ்வளவு ஏறுகிறதோ அதைப் போல நான்கு மடங்கு மரையின் விட்டத்தில் கூடும். 8 மைக்ரான் போட்டால் 32 மைக்ரான் கூடும். ஹெரால்டில் இருக்கும் பொடி மரைகளில் அதையும் தாண்டினால் நட்டு ஏறாமல் போகலாம்.

தொட்டிக்கு முன்னால்

அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் முலாம் பட்டறைகள் உண்டு. இப்படியொரு பட்டறைக்குள் நுழைந்தால் வரிசையாகத் தொட்டிகள் தெரியும். அவற்றில் துத்தநாகம் படிவது ஒன்றிரண்டில் மட்டும்தான். மற்றவை கழுவுவதற்கும் அலசுவதற்கும். இந்தத் தொழிலின் உழைப்பில் பெரும்பகுதி சுத்தம் செய்வதிலேயே போகிறது.

முதலில் பழைய பெயின்ட்டும் கிரீஸும் போக வேண்டும். பிறகு சூடான காரக் கரைசலில் ஊறல், அலசல், மின்சாரம் செலுத்தி ஒரு கழுவல், மறுபடி அலசல். அதன்பின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கித் துருவை நீக்குவார்கள். இதைத்தான் பிக்ளிங் என்கிறார்கள். சுத்தமாகிவிட்டதா என்பதற்குத் தேர்ந்த தொழிலாளி ஒரு சோதனை வைத்திருக்கிறார். அலசிய பிராக்கெட்டைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் வடிவதைப் பார்க்கிறார். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தில் முலாம் பிடிக்காது. பிடித்தாலும் பொரிந்து உரியும். அவர் அதை மறுபடி முதல் தொட்டிக்கே அனுப்புகிறார்.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். முலாம் எதையும் மறைக்காது. துரு தின்ற குழி, முலாமுக்குப் பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். பளபளப்பு வேண்டுமானால் முன்பே பஃபிங் போட வேண்டும். கண்ணாடி மணி பீய்ச்சிச் சுத்தம் செய்த பாகம் மங்கலான மினுக்கோடு வரும். தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய பாகத்தின் தோற்றத்துக்கு அதுவே பொருத்தம். பீய்ச்சி முடித்ததைத் தள்ளிப்போடாமல் முலாமுக்கு அனுப்புங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு வெகு சீக்கிரம் சிவக்கும்.

தொட்டியில்

சிறு போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் துளையிட்ட பேரலில் போகும். பேரல் தொட்டிக்குள் மெல்ல உருண்டுகொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் படியும். பிராக்கெட், கீல், நீளமான கம்பி போன்றவற்றைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். பேரலில் போட்டால் வளைந்துவிடும். கொக்கி தொட்ட இடத்தில் முலாம் சரியாகப் படியாது. அதனால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 2 ஆம்பியர் கொடுத்தால், 8 மைக்ரான் படியச் சுமார் கால் மணி நேரம் ஆகும். மைக்கேல் ஃபாரடே 1830களில் கண்ட விதிப்படி, செலுத்தும் மின்சாரத்துக்கு ஏற்பத்தான் உலோகம் படியும். ஆனால் மின்சாரம் முனைகளை நாடிப் போகும். மடிப்புகளுக்குள்ளும் குழாயின் உட்புறத்திலும் தயங்கும். மடிப்பு நிறைந்த பிராக்கெட்டுக்குக் காரத் தொட்டி நல்லது. முலாம் ஓரளவு சமமாகப் பரவும். அமிலத் தொட்டியில் பளபளப்பு அதிகம், வேகமும் அதிகம். வார்ப்பிரும்பு பாகங்களுக்கு அமிலத் தொட்டிதான் கைகொடுக்கும்.

மஞ்சளா, வெள்ளையா?

தொட்டியிலிருந்து வந்ததும் வேலை முடியவில்லை. வெறும் துத்தநாகம் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதைத் தடுப்பது பேஸிவேஷன். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு. மங்கலாக இருந்த பாகம் பளிச்சென்று வெளுக்கிறது. அடுத்து குரோமேட் தொட்டி. சில விநாடிகள் ஆட்டி எடுக்கும்போது வெள்ளி நிறம் பொன்னாகிறது; சாய்த்துப் பார்த்தால் அதில் ரோஜா நிறமும் பச்சையும் ஓடுகின்றன. கூடுதலாக வைத்திருந்தால் நிறம் பழுப்பேறிவிடும். கைப்பக்குவம் இங்கேதான் தெரியும். அந்தப் படலம் ஈரமாக இருக்கும்வரை மிக மென்மையானது. அதிக சூட்டில் உலர்த்தக் கூடாது. 24 மணி நேரம் கழித்துத் தொடுவது நல்லது.

உப்புநீரைப் புகையாகத் தெளிக்கும் சோதனையில், நிறமற்ற பேஸிவேஷன் 12 மணி நேரமும் மஞ்சள் 96 மணி நேரமும் வெள்ளைப் பூ இல்லாமல் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். பி633 தர விதி. ஆனால் பழைய மஞ்சளுக்கு ஒரு விலை உண்டு. அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. அதே வகை குரோமிய உப்புகளைத் தயாரித்துவிட்டு 1990களின் நடுவில் மூடப்பட்ட ராணிப்பேட்டை ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதைத் தமிழ்நாடு அறியும். ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூலை முதல் புது வாகனங்களில் இதைத் தடுத்துவிட்டது. இப்போது மூன்று இணைதிறன் குரோமியத்திலேயே வெள்ளை, நீலச் சாயல், மஞ்சள் எல்லாம் கிடைக்கின்றன. அசல் நிறம் வேண்டும் என்று பழைய மஞ்சளை வற்புறுத்தாதீர்கள். அறுபதுகளின் பிரிட்டிஷ் வண்டிகளில் பல போல்ட்டுகளுக்கு இருந்தது காட்மியம் முலாம், அதுவும் நஞ்சுதான். நீலச் சாயலுள்ள வெள்ளை ஜிங்க் அதன் தோற்றத்துக்கு நெருக்கமாக வரும்.

எதற்குப் போடக் கூடாது

இந்த வாரத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். முலாம் போடத் தெரிந்தவர்கள் பலர். எதற்குப் போடக் கூடாது என்று தெரிந்தவரே தேர்ந்தவர்.

அமிலத்தில் முக்கும்போதும் மின்சாரம் செலுத்தும்போதும் ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி உருக்கின் உள்ளே நுழைந்துவிடும். மென்மையான உருக்குக்குக் கெடுதல் இல்லை. கடினப்படுத்திய உருக்கோ நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். முடுக்கிய அன்று ஒன்றும் ஆகாது. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் துண்டாகும். தலையில் 10.9, 12.9 என்று பொறித்த போல்ட்டுகள் இந்த வகை. இவற்றை முலாம் போட்ட நான்கு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, 190 முதல் 220 டிகிரியில் குறைந்தது எட்டு மணி நேரமாவது சுட வேண்டும். சில உருக்குகளுக்கு 20 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதுவும் பேஸிவேஷனுக்கு முன்பே. குரோமேட் படலம் அந்தச் சூட்டைத் தாங்காது.

நல்ல பட்டறைக்காரர் டப்பாவைக் கவிழ்த்ததும் கையால் துழாவிச் சிலவற்றை ஒதுக்கிவைப்பார். “அண்ணே, இந்த ஸ்பிரிங்கை எடுத்துட்டுப் போயிடுங்க. இதுக்கு நான் போட மாட்டேன்” என்பார். அவர் வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. உங்கள் உயிரைக் காக்கிறார். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளுக்கு பெயின்ட் போதும். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் வரும் போல்ட்டில் குறி அழிந்திருந்தால், தரம் குறிப்பிட்ட புது போல்ட்டை வாங்குங்கள். அங்கே சிக்கனம் வேண்டாம்.

கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதை அமிலத்தில் போட்டால் அதுவே கரையும். அலுமினியமோ சூடான காரத்தில் கரையும். ரப்பர் புஷ், பேரிங் எதையும் பாகத்தோடு சேர்த்து அனுப்பக் கூடாது.

பட்டறைக்குப் போகும் முன்

எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் புகைப்படம் எடுங்கள். எண்ணிக்கையையும் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறிய பாகங்களைக் கம்பியில் கோத்துக் கட்டுங்கள். பேரலில் ஒரு வாஷர் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. எத்தனை மைக்ரான், என்ன நிறம், எவற்றைச் சுட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். துத்தநாக முலாமுக்கு ஐ.எஸ். 1573 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டே கேட்கலாம். கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இந்தத் துறைக்கென ஓர் ஆய்வுக்கூடம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. கேட்டு வாங்குகிற வாடிக்கையாளர்தான் குறைவு.

விலை குறைந்த இடத்தைத் தேடாதீர்கள். ‘இந்த போல்ட்டு வண்டியில எங்க வருது? எதைத் தாங்குது?’ என்று உங்களைத் திருப்பிக் கேட்கிற பட்டறையைத் தேடுங்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் பிரிக்கும்போதே ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டச் சொன்னேன்.

(அடுத்த வாரம்: பிரேக் குழாய்களும் வீல் சிலிண்டர்களும்)