காலாவதியான பெயரின் எண்பது நாள்

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்த்து அவ்வூரில் விடுதியோ உணவகமோ நடத்துபவர் தமக்கென ஓர் இணையதளம் அமைக்க விரும்பினால், முதலில் அணுக வேண்டியது டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளுக்கான பெயர்களைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனத்தையே. இந்நிறுவனம் பெயர்களுக்கு உரிமையாளர் அன்று. டாட் காம் என முடியும் பெயர்களின் மூலப் பேரேட்டை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனமும், டாட் இன், டாட் இந்தியா ஆகியவற்றின் பேரேட்டை 2003-இல் தொடங்கப்பட்ட நிக்சி அமைப்பும் பராமரிக்கின்றன. இவை பதிவகங்கள் எனப்படும். வாடிக்கையாளரிடம் கட்டணம் பெற்று, அதில் பதிவகத்துக்குரிய பங்கைச் செலுத்தி, அவர் கேட்ட பெயரைப் பேரேட்டில் ஏற்றும் முகவரே பதிவாளர். ஒரு பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கே பதிய முடியும் என்பதால், அது சொந்த நிலம் அன்று, குத்தகை நிலம்.

விண்ணப்பிப்பவருக்கு அப்பெயரில் உரிமை உண்டா என்று பதிவாளர் ஆராய்வதில்லை, முந்தியவருக்கே பெயர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, தன் 'சிஃபி' பெயரை ஒத்த பெயர்களை வேறொரு நிறுவனம் பதிந்துகொண்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. வணிகப் பெயருக்குரிய சட்டப் பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று அந்நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது.

இந்தப் பதிவு முறையில் மிகவும் விசித்திரமானது, தவணை தவறிய பெயருக்கு நேர்வதுதான். காலாவதியான டாட் காம் பெயர் அன்றே அழிந்துவிடுவதில்லை. பதிவகம் அதைத் தானாகவே ஓராண்டுக்கு நீட்டித்துவிட்டு, வேண்டாமென்றால் திருப்பித் தரப் பதிவாளருக்கு 45 நாள் அவகாசம் அளிக்கிறது; இந்த இடைவெளியிலேயே பெயரை ஏலம் விட்டுவிடும் பதிவாளர்களும் உண்டு. திருப்பித் தரப்பட்ட பெயருக்கு 30 நாள் மீட்புக்காலம் தொடங்குகிறது. பழைய உரிமையாளர் வழக்கமான கட்டணத்தைவிடப் பன்மடங்கு செலுத்தினால்தான் அதை மீட்க முடியும். அதன்பின் 5 நாள், எவராலும் தொட முடியாத நிலையில் கிடந்து, பெயர் பேரேட்டிலிருந்து நீங்குகிறது. அந்த நொடிக்காகவே கணினிகளை நிறுத்திவைத்து, ஓயாமல் விண்ணப்பங்களை அனுப்பி, நல்ல பெயர்களைக் கைப்பற்றி விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ உரிய பழைய முகவரி இவ்வாறு கைமாறி, அதை நம்பிச் செல்வோரைச் சூதாட்டத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்துவது வெறும் கவனக்குறைவின் விளைவே.

காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், கடந்தபின் ஐந்து நாட்களுக்குள்ளும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று, பதிவாளர்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஐகேன் அமைப்பு விதித்திருக்கிறது. ஆனால் அவ்வறிவிப்பு பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கே செல்லும். சிற்றூர் வணிகர்கள் பலர் இணையதளம் வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலும் மின்னஞ்சலிலுமே பதிவை விட்டுவைப்பது வருந்தத்தக்கது. அவர் தொழிலை மாற்றிக்கொண்டால் அறிவிப்பு உரியவரை எட்டாது. இணையதளம் வைத்திருப்போர் அனைவரும், பதிவில் உரிமையாளராகவும் மின்னஞ்சலாகவும் இருப்பவை தம்முடையவைதாமா என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.