அசைவு ஆய்வு

அசைவு ஆய்வு என்பது, ஒரு வேலையைச் செய்யும்போது தொழிலாளியின் கை, கண், முதுகு முதலியவை மேற்கொள்ளும் அசைவுகளைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்து, தேவையற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றை எளிதாக்கும் முறை ஆகும். இது தொழிலகப் பொறியியலின் ஒரு பகுதி. வேலையை மனித உடலுக்கு ஏற்ப அமைக்கும் துறையான பணிச்சூழலியலுக்கு இது ஒரு முன்னோடி.

நேர ஆய்விலிருந்து வேறுபாடு

இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்த்தே பேசப்படினும், வெவ்வேறு கேள்விகளிலிருந்து தோன்றியவை. ஐக்கிய அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் (1856–1915), ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் தேவை என நிறுத்துக்கடிகாரத்தால் அளந்தார். பிராங்க் கில்பிரெத் (1868–1924), அவருடைய மனைவியும் உளவியலாளருமான லிலியன் கில்பிரெத் (1878–1972) ஆகியோர், அவ்வேலைக்கு எந்தெந்த அசைவுகள் தேவை என வினவினர். கடிகாரத்தையும் தொழிலாளியையும் ஒருங்கே படம்பிடித்து, கண்ணுக்குப் புலப்படாத அசைவுகளையும் அவர்கள் ஆராய்ந்தனர்.

செங்கல் அடுக்குதல்

பிராங்க் கில்பிரெத் 1885 இல் கட்டட வேலை பயிலச் சேர்ந்தார். கொத்தனார்கள் ஒவ்வொரு கல்லுக்கும் தரை வரை குனிந்து நிமிர்வதை அவர் கண்டார். ஏறத்தாழ 2.3 கிலோகிராம் எடையுள்ள கல்லை எடுப்பதற்காக, ஏறத்தாழ 68 கிலோகிராம் எடையுள்ள உடல் நாளொன்றுக்கு ஆயிரம் முறை தாழ்ந்து எழுந்தது. சுவரோடு உயர்த்தக்கூடிய சாரம் அமைத்து, கல்லையும் சாந்தையும் கைக்கு எட்டும் உயரத்தில் அவர் வைத்தார். கற்களின் நல்ல பக்கத்தைப் பார்த்து அடுக்கித் தரும் வேலை உதவியாளிடம் விடப்பட்டது. சாந்தின் பதம் சீராக்கப்பட்டதால், கரணையால் கல்லைத் தட்ட வேண்டியதில்லை. டெய்லர் தரும் கணக்கின்படி, ஒரு கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கற்கள் அடுக்கப்பட்ட இடத்தில் 350 கற்கள் அடுக்கப்பட்டன.

தொழிற்சாலையில்

ஃபோர்டு நிறுவனத்தின் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் 1913 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. எஞ்சினில் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோ என்னும் உறுப்பை ஒருவரே முழுமையாகப் பூட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆயின. அதனை 29 செயல்களாகப் பகுத்தபோது நேரம் 13 நிமிடம் 10 நொடியாகக் குறைந்தது. 1914 இல் பூட்டுவரிசையின் உயரம் 8 அங்குலம் (ஏறத்தாழ 20 செ.மீ.) கூட்டப்பட்டதும் 7 நிமிடங்கள் போதுமாயின. தொழிலாளி குனிய வேண்டியிராமையே இதற்குக் காரணம். வரிசை நகரும் வேகத்தைச் சீர்செய்தபின் 5 நிமிடங்கள் ஆயின.

பொதுவான நெறிகள்

- நின்று செய்யும் வேலைக்கு மேசை முழங்கை உயரத்தை ஒட்டி அமைய வேண்டும். நுண்ணிய வேலைக்குச் சற்று உயரமாகவும், பளுவான வேலைக்குச் சற்றுத் தாழ்வாகவும் இருத்தல் நன்று.
- கருவிகளும் உறுப்புகளும் நிலையான இடத்தில், கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.
- பொருளைப் பிடித்து நிற்கும் வேலையைக் கைக்குத் தராமல் பிடிகருவிக்குத் தர வேண்டும்.

எல்லைகள்

அசைவுகள் குறைவதால் உடலின் சுமையும் தானே குறைந்துவிடும் எனக் கொள்ளலாகாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மணிக்கு 2160 (18×120) அசைவுகள் 1750 (5×350) ஆகக் குறைகின்றன. ஆனால் கை தூக்கும் எடையோ மணிக்கு ஏறத்தாழ 275 கிலோகிராமிலிருந்து 800 கிலோகிராமாக உயர்கிறது. முதுகு தப்பினாலும் தோளும் மணிக்கட்டும் கூடுதலாக உழைக்கின்றன. எனவே ஓய்வும் வேலை மாற்றமும் தேவையாகின்றன. கில்பிரெத் இணையர் 1916 இல் களைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினர்.

தொழிலாளரைக் கலந்துகொள்ளாமல் செய்யப்பட்ட ஆய்வுகள் எதிர்ப்பையும் சந்தித்தன. 1911 இல் மாசச்சூசெட்சு மாநிலத்தின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், நிறுத்துக்கடிகாரத்தை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இதனைத் தொடர்ந்து, படைத்துறைப் பணிகளில் அத்தகைய அளவீட்டுக்கு 1915 இல் அமெரிக்கப் பேரவை தடை விதித்தது.