நிலத்தடி நீர் நடக்கும் வழி

ஒரே தெருவில் இரண்டு கிணறுகள். ஒன்றின் நீர் குடிக்க இனிக்கிறது. அடுத்த வீட்டுக் கிணற்று நீரோ உப்புக் கரிக்கிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மட்டுமன்றி, பாறைப் பாங்கான ஊர் எதிலும் இதைக் கேட்கலாம். "ஊற்றுக்கண் வேறு" என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கத்தில் இயற்பியல் உண்மை ஒன்று அடங்கியுள்ளது. அதை அறிந்துகொண்டால், நிலத்தடி நீர் எவ்வாறு மாசடைகிறது என்பதும் விளங்கும்.

பாறையில் நீர் எங்கே தங்குகிறது?

பூமிக்கடியில் ஆறுகள் ஓடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இவ்விரு ஊர்களுக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அம்மலையும், சமவெளியின் அடித்தளமும் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளால் ஆனவை. மணலில் உள்ளதுபோல இவற்றில் இடைவெளிகள் இல்லை. எனவே நீர் தங்கும் இடங்கள் இரண்டுதான். முதலாவது, மேலே காலப்போக்கில் சிதைந்து உதிர்ந்துபோன பாறைப்பகுதி. இரண்டாவது, அதன்கீழே கெட்டிப் பாறையில் உள்ள வெடிப்புகள். ஊற்றுக்கண் என்பது பெரும்பாலும் இத்தகைய வெடிப்பின் வாயே ஆகும்.

ஓடைகளிலும் கண்மாய்களிலும் தேங்கும் மழைநீர் மெல்ல இறங்கி இவற்றை நிரப்புகிறது. நிலத்தடி நீர்மட்டம் பொதுவாக நிலத்தின் சரிவையே ஒட்டி அமைகிறது. ஆகவே மலையடிவாரத்தில் இறங்கிய நீர் பெரும்பாலும் கிழக்கு நோக்கி நகர்கிறது.

எவ்வளவு வேகம்?

பிரான்சு நாட்டின் டிஜோன் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதனை செய்து, 1856-ல் ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் நீரோட்டம் மிகும். கடக்கும் தூரம் மிகுந்தால் குறையும். மின்னழுத்த வேறுபாட்டையும் மின்னோட்டத்தையும் இணைக்கும் ஓமின் விதியைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நீர்மட்டம் 200 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சரிகிறது எனக் கொள்வோம். சிதைந்த பாறையின் ஊடுருவுதிறன் நாளொன்றுக்கு 1 மீட்டர். அதில் நீர் செல்லக்கூடிய வெற்றிடம் 100-ல் 5 பங்கு. எனில் நீரின் வேகம் நாளொன்றுக்கு 0.1 மீட்டர். 500 மீட்டரைக் கடக்க 5,000 நாட்கள், அதாவது 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! வெடிப்புப் பாறையில் வெற்றிடம் 1,000-ல் 1 பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். மற்ற அளவுகள் மாறாவிடில், அதே நீர் குறுகிய வழியில் விரைந்து செல்ல வேண்டும். இப்போது வேகம் நாளொன்றுக்கு 5 மீட்டர். அதே 500 மீட்டரை 100 நாட்களில் கடந்துவிடும்.

மாசு வரும் விதம்

மண் ஒரு நல்ல வடிகட்டி. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியை அது தடுத்து நிறுத்திவிடும். மெல்ல நகரும் நீரில் எஞ்சியவையும் நாளடைவில் மடியும். ஆனால் வெடிப்பில் விரையும் நீருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மேலும், கரைந்த உப்புகளை மண் எளிதில் தடுப்பதில்லை. கழிவறைக் குழிகளிலிருந்தும், அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்திலிருந்தும் நைட்ரேட் நேரே இறங்குகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தரம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவை ஏந்தும் திறனை இழக்கும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர் பெற்றது. துணி வெளுக்கும் தொழில் எங்கு நடந்தாலும், கழிவுநீரில் உப்புகள் மிகும். அதைச் சுத்திகரிக்காமல் நிலத்தில் விட்டால், உப்பு நிலத்தடியைச் சென்றடையும்.

இனி, தொடக்கத்தில் கூறிய இரு கிணறுகளுக்கு வருவோம். கரிக்கும் கிணற்றின் வெடிப்பு, உப்பு மிகுந்த ஓரிடத்துடன் தொடர்பு கொண்டிருக்கலாம். இனிக்கும் கிணற்றின் வெடிப்பு கண்மாயுடன் இணைந்திருக்கலாம். ஆனால் இந்த நிலை நிரந்தரமன்று. ஆழ்குழாய்க் கிணற்றில் ஓயாமல் நீர் இறைத்தால், சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. சரிவு திசை மாறுகிறது. விலகிச் சென்ற மாசு நம் கிணற்றை நோக்கித் திரும்பிவிடும்.

நொய்யல் தரும் பாடம்

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்கென 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆலையை ஒரு நாளில் மூடிவிடலாம். ஆனால் நாளொன்றுக்கு 10 சென்டிமீட்டர் நகரும் நீரிலிருந்து உப்பை ஒரு நாளில் வெளியேற்ற முடியுமா?

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறையாவது ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஆனால் நைட்ரேட்டும் உப்பும் போகா, நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். கழிவறைத் தொட்டிகளைக் கசியாதபடி கட்ட வேண்டும். கைவிட்ட கிணறுகளைக் குப்பைக் குழிகளாக்கக் கூடாது. அவை மாசை வடிகட்டாமலே வெடிப்புகளுக்குள் இறக்கும் வாயில்கள். கண்மாய்களைத் தூர்வாரிக் காத்தால், நல்ல நீர் இறங்கி உப்பின் செறிவைக் குறைக்கும். இன்று நிலத்தில் ஊற்றும் கழிவு, இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை கல்லூரிக்குச் செல்லும் வயதில் அதன் குடத்தில் வந்து சேரலாம்.