பிறக்காத வீரர் மீது இத்தனை அன்பு ஏன்?

கால்பந்து ரசிகர்களிடம் தங்களுக்குப் பிடித்த வீரர்களைச் சொல்லுமாறு கேட்டால் பெலே, மரடோனா, மெஸ்ஸி என்று பட்டியல் நீளும். அவர்களிலேயே 'புரோ எவல்யூஷன் சாக்கர்' என்ற காணொலி விளையாட்டை ஆடி வளர்ந்தவர்களிடம், அந்த விளையாட்டில் பிடித்த வீரர்கள் யார் என்று கேட்டால் வேறு சில பெயர்கள் வந்து விழும்: காஸ்டோலோ, மினாண்டா, இவரோவ். இவர்கள் எந்த நாட்டுக்காகவும் களம் இறங்கியதில்லை. எந்தக் கோப்பையையும் ஏந்தியதில்லை. காரணம் எளிது. இவர்கள் பிறக்கவே இல்லை. விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் கற்பனையாகச் சூட்டிய பெயர்கள் இவை.

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1995-ஆம் ஆண்டு தன் நாட்டில் 'வின்னிங் லெவன்' என்ற பெயரில் தொடங்கிய வரிசை இது. ஐரோப்பாவில் 2001 முதல் 'புரோ எவல்யூஷன் சாக்கர்' என்று அறியப்பட்டது. அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1993-இல் தொடங்கிய 'ஃபிஃபா' வரிசைக்கு நீண்டகாலப் போட்டியாளராக விளங்கியது. 2021-இல் கோனாமி அந்தப் பெயரையே கைவிட்டு, 'இ-ஃபுட்பால்' என்ற இலவச விளையாட்டுக்கு மாறியது. பழைய பதிப்புகளில் தங்களுக்குப் பிடித்த அம்சங்கள் எவை, வீரர்கள் யார் என்று ரசிகர்கள் இன்றும் முன்மொழிந்து விவாதித்து வருகிறார்கள்.

இதை வெறும் பழைய நினைவுகளில் திளைக்கும் பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், அந்தப் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுபவற்றைக் கூர்ந்து நோக்கினால், இன்றைய விளையாட்டுத் தொழில் குறித்த தெளிவான தீர்ப்பு ஒன்று அவற்றில் இருப்பது புரியும்.

முதலில் காஸ்டோலோவை எடுத்துக்கொள்வோம். இந்த வரிசையின் உயிர்நாடியாகக் கருதப்பட்டது 'மாஸ்டர் லீக்' என்ற பகுதி. அதில் ஆடுபவர் ஓர் அணியின் பொறுப்பை ஏற்கிறார். ஆனால், அந்த அணிக்குத் தொடக்கத்தில் தரப்படுபவர்கள் பெயர் தெரியாத, நடுத்தரத் திறன் கொண்ட கற்பனை வீரர்களே. முன்களத்தில் காஸ்டோலோ, நடுக்களத்தில் மினாண்டா, கோல் கம்பத்தின் கீழே இவரோவ். ஆட்டங்களில் வென்று புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளிலிருந்துதான் வீரர்களுக்கு ஊதியம் தர வேண்டும். மிஞ்சியதைக் கொண்டுதான் சிறந்த வீரர்களை வாங்க வேண்டும். தொடக்கத்தில் தோல்விகள் குவியும். பல இரவுகள் கழித்து அதே எளிய அணி வெல்லத் தொடங்கும்.

நட்சத்திர வீரர்கள் வந்து சேர்ந்த பிறகும் காஸ்டோலோவை விற்க மனமின்றி அணியிலேயே வைத்துக்கொண்டவர்கள் பலர். உழைத்து ஏறிய ஒவ்வொரு படியிலும் உடன் நின்றவர் என்ற நன்றியுணர்வுதான் அதற்குக் காரணம். மெஸ்ஸியின் புகழ் உலகுக்குச் சொந்தம். காஸ்டோலோவின் புகழோ அவரை ஆட வைத்தவருக்கு மட்டுமே சொந்தம்.

ரசிகர்கள் விரும்பிக் குறிப்பிடும் இன்னோர் அம்சம், வீரர்களின் பெயருக்கு அருகில் தோன்றிய வண்ண அம்புக்குறி. அன்றைய தினம் அந்த வீரர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அது காட்டும். மேல்நோக்கிய சிவப்பு அம்பு என்றால் உச்ச நிலை. கீழ்நோக்கிய அம்பு என்றால் தளர்ச்சி. விலை உயர்ந்த நட்சத்திரத்துக்குக் கீழ்நோக்கிய அம்பும், மாற்று ஆட்டக்காரருக்குச் சிவப்பு அம்பும் வாய்க்கும் நாளில் யாரைக் களம் இறக்குவது? சிறிய ஏற்பாடுதான். ஆனால், புகழும் விலையும் மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்காது என்ற கால்பந்தின் அடிப்படை உண்மையை அது ஒவ்வொரு ஆட்டத்திலும் நினைவூட்டியது.

மூன்றாவதாக இடம்பெறுவது, ஒரு குறைபாடு. உண்மையான வீரர்களின் பெயர்களையும் கழகங்களின் சின்னங்களையும் பயன்படுத்த உரிமம் வேண்டும். ஜெர்மனியின் கோல்காப்பாளர் ஆலிவர் கான், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தனது பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக வழக்குத் தொடுத்து, 2003-இல் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் வென்றார் என்பதிலிருந்தே இந்த உரிமத்தின் முக்கியத்துவம் விளங்கும். கோனாமியிடம் பல உரிமங்கள் இல்லை. எனவே, ராபர்ட்டோ கார்லோஸ் அதன் பழைய பதிப்பில் 'ராபர்ட்டோ லார்கோஸ்' ஆனார். ஆர்செனல் 'நார்த் லண்டன்' ஆனது. லிவர்பூல் 'மெர்சிசைட் ரெட்' ஆனது. செல்சி 'லண்டன் எஃப்சி' ஆனது.

வணிகக் கண்ணோட்டத்தில் இது பெரும் பின்னடைவு. ஆனால், பெயர்களையும் சீருடைகளையும் ஆடுபவரே திருத்திக்கொள்ள அந்த விளையாட்டு இடம் அளித்தது. ரசிகர்கள் மணிக்கணக்கில் அமர்ந்து ஒவ்வொரு பெயரையும் சரிசெய்தார்கள். சின்னங்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தார்கள். 'ஆப்ஷன் ஃபைல்' எனப்பட்ட அந்தத் திருத்தக் கோப்புகள் நண்பர்களிடையே பரவின. மெமரி கார்டுகளில் கைமாறின. உரிமம் இல்லாத இடத்தை உழைப்பு நிரப்பியது. காலம் செய்த வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜுவென்டஸ் கழகத்தின் உரிமத்தைக் கோனாமி தனக்கு மட்டுமே உரியதாகப் பெற்றபோது, 'ஃபிஃபா 20' விளையாட்டில் அந்தக் கழகம் 'பியமாண்டே கால்சியோ' என்ற புனைபெயருடன் தோன்ற நேர்ந்தது.

உண்மையான வீரர்களில் ரசிகர்கள் முன்மொழியும் பெயர்களுள் முதன்மையானது பிரேசிலின் அட்ரியானோ. 2006-இல் வெளியான ஆறாம் பதிப்பில், கோலை நோக்கி அவர் உதைக்கும் வேகத்துக்கு வழங்கப்பட்ட மதிப்பெண் 99. அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது. அவரது இடது காலில் பந்து அகப்பட்டால் எதிரணியின் கோல்காப்பாளருக்கு வேலையில்லை என்ற நிலை. நண்பர்களுக்குள் ஆடும்போது அவரது அணியைத் தேர்ந்தெடுக்கத் தடை விதித்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்த நினைவின் மறுபக்கம் துயரமானது. 2004 கோபா அமெரிக்கா போட்டியில் 7 கோல்கள் அடித்து பிரேசிலுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்த அட்ரியானோ, அடுத்த சில நாள்களிலேயே தந்தையை இழந்தார். அந்த இழப்பிலிருந்து தான் மீளவே இல்லை என்பதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். விளையாட்டின் ஆறாம் பதிப்பு வெளியானபோது, இத்தாலியின் இன்டர் மிலான் அணியில் அவரது ஆட்டம் சரியத் தொடங்கிவிட்டது. மைதானத்தில் தளர்ந்துகொண்டிருந்த ஒரு மனிதர், திரையில் மட்டும் என்றென்றும் 24 வயதுக்காரராக, தடுக்க முடியாதவராக நிற்கிறார். அவரை முன்மொழியும் ரசிகர், நிகழாமல் போன ஒரு வாழ்க்கைக்கும் சேர்த்தே வாக்களிக்கிறார் எனலாம்.

இவற்றை வைத்து, உரிமமும் உண்மைப் பெயர்களும் தேவையற்றவை என்று முடிவுகட்டுவது தவறு. 'ஃபிஃபா' வரிசையின் ரசிகர்கள், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக 172 தேசிய அணிகளைக் கொண்டுவந்த 1997-ஆம் ஆண்டுப் பதிப்பை இன்றும் கொண்டாடுகிறார்கள். பெரிய அணிகளுக்கு நிகராகச் சிறிய நாடுகளும் அதில் இடம்பெற்றன என்பதே காரணம். 2015-இல் வெளியான 'ஃபிஃபா 16' முதன்முறையாக 12 மகளிர் தேசிய அணிகளைச் சேர்த்தது. 'ஃபிஃபா 22'-இல் இந்தியன் சூப்பர் லீக் இணைக்கப்பட்டபோது, சென்னையின் எஃப்சி அணியை உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆட வைக்க முடிந்தது. தன் ஊரின் பெயரைத் திரையில் காண்பதும் ஓர் அங்கீகாரமே. பெயர் இல்லாதவருக்குப் பெயர் தந்தபோது உரிமமும் அன்பைப் பெற்றது.

அப்படியானால், ரசிகர்கள் விரும்பியவை அனைத்துக்கும் பொதுவான இழை எது? ஆடுபவருக்கென ஓர் இடம் அவற்றில் இருந்தது. எளிய அணியை வளர்க்க இடம், சிந்தித்து முடிவெடுக்க இடம், திருத்தி எழுத இடம், தன்னையும் தன் ஊரையும் காண இடம். வரைகலையின் துல்லியத்தையும் முகச்சாயலின் நுணுக்கத்தையும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் விளம்பரப்படுத்துகின்றன. ஆண்டுகள் கடந்த பிறகு ரசிகர்களின் நினைவில் நிற்பதோ இந்த இடம்தான்.

இன்று நிறுவனங்களும் ரசிகர்களிடம் வாக்கு கேட்கின்றன. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஆண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுக்க ரசிகர்களை அழைக்கிறது. தேர்வான வீரர்களின் மதிப்பெண்கள் உயர்த்தப்பட்டு, 'அல்டிமேட் டீம்' பகுதியில் சிறப்பு அட்டைகளாக வெளியிடப்படுகின்றன. அந்த அட்டை கிடைக்கக்கூடிய பொட்டலங்களை ஆடிச் சேர்த்தும் பெறலாம். பணம் கொடுத்தும் வாங்கலாம். பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே யார் இருக்கிறார் என்பது தெரியாது. ரசிகரின் வாக்கே விற்பனைப் பண்டமாகி அவரிடமே திரும்பி வருகிறது.

இது சூதாட்டமா என்ற கேள்வியை ஐரோப்பிய நாடுகள் எழுப்பின. பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்காற்று அமைப்பு 2018-இல் இத்தகைய பொட்டலங்கள் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அங்கு அவற்றைப் பணத்துக்கு விற்பதை நிறுவனம் நிறுத்தியது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை, 2022-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பொட்டலங்கள் தனியான சூதாட்டம் அல்ல, விளையாட்டின் ஒரு பகுதியே என்பது அதன் கருத்து. சட்டம் எதுவாயினும், காஸ்டோலோவுடன் போராடி வென்ற தலைமுறைக்கும், பொட்டலத்தைப் பிரித்து நட்சத்திரத்தைத் தேடும் தலைமுறைக்கும் இடையே உள்ள வேறுபாடு கவலைக்குரியது. இன்றைய சிறுவர்கள் பொறுமையற்றவர்கள் என்று பழிப்பதில் பயனில்லை. அவர்களுக்குக் கிடைத்த விளையாட்டு, பொறுமைக்கு வேலையின்றி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. நேசிப்பவற்றை நாளையும் ஆட முடியுமா? 2021 செப்டம்பர் 30-இல் வெளியான 'இ-ஃபுட்பால்', ஒன்பது அணிகளுடனும் ஏராளமான பிழைகளுடனும் வந்தது. மாஸ்டர் லீக் அதில் இல்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' தளத்தின் மிக மோசமான மதிப்புரைகளைப் பெற்றவற்றுள் ஒன்றாக அது அமைந்தது. கோனாமி மன்னிப்புக் கேட்டது. 2023-இல் 'ஃபிஃபா' என்ற பெயரை விட்டு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விலகியபோது, அந்தப் பெயரில் வந்த பழைய பதிப்புகள் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று, காணொலி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

பழைய வட்டுகள் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். பிரேசிலில் 'பாம்பா பேட்ச்' என்ற பெயரில், பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த பழைய 'வின்னிங் லெவன்' விளையாட்டைப் புதிய அணிகளுடன் ரசிகர்களே தொடர்ந்து புதுப்பித்து வந்திருக்கிறார்கள். புதிய கருவி வாங்க வசதியற்ற வீடுகளில் அது வாழ்கிறது. வட்டும் திருத்தும் வசதியும் ஆடுபவரின் கையில் இருந்ததால் இது சாத்தியமானது. நிறுவனத்தின் சேவையகத்தில் மட்டுமே உயிர்வாழும் விளையாட்டுக்கு இந்த மறுவாழ்வு கிடைக்காது. சேவையகம் அணைந்தால் அதுவும் அணையும்.

'யுபிசாஃப்ட்' நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை 2024 மார்ச்சில் முற்றாக முடக்கியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதை இழந்தார்கள். அதையொட்டி எழுந்த இயக்கம், விற்ற விளையாட்டை முடக்கும்போதும் அதை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் கோரியது. அந்தக் கோரிக்கைக்கான கையொப்பங்கள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைக் கடந்தன. எல்லா விளையாட்டுகளையும் எக்காலமும் பராமரிப்பது இயலாது என்ற நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், பராமரிக்குமாறு யாரும் கேட்கவில்லை. விலகும்போது கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே வேண்டுகோள்.

இணைய இணைப்பின்றியும் ஆடக்கூடிய பகுதி ஒவ்வொரு விளையாட்டிலும் இருக்க வேண்டும். பெயர்களையும் அணிகளையும் திருத்தும் உரிமை ஆடுபவருக்கு வேண்டும். உரிமக் காலம் முடிந்த பழைய பதிப்புகளை, உண்மைப் பெயர்களை நீக்கிவிட்டாவது விற்பனையில் வைக்கலாம். நூலகங்கள் அவற்றைப் பாதுகாக்க அனுமதிக்கலாம். பெயர்களை நீக்கிவிட்டால் விளையாட்டு செத்துவிடும் என்று யாரேனும் அஞ்சினால், அவர்களுக்கான பதில் ரசிகர்களின் பட்டியலிலேயே இருக்கிறது. உரிமம் எதுவும் தேவைப்படாத காஸ்டோலோவைத்தான் அவர்கள் இன்றும் முன்மொழிகிறார்கள்.